பெயர் மட்டும் பார்த்த ஸ்கிரிப்ட்

தையல் மெஷின் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு "என்னாச்சுங்க?" என்பார்கள்; கம்ப்யூட்டர் நின்றால் என்னைக் கூப்பிட்டு "என்னங்க பண்ணுனீங்க?" என்பார்கள். பனியன் கம்பெனியில் சிஸ்டம் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது தடித்தவர்கள். திருப்பூரில் எத்தனை கம்பெனி இருக்கிறதோ அத்தனை பேராவது நம் ஜாதியில் இருப்போம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் நிர்மலா. நெருப்பெரிச்சலில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், முதலாளி போனில் படம் பெரிதாகத் தெரியாவிட்டாலும் நான்தான். இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு ஸ்கிரிப்ட்டைப் பற்றி. ஃபைல்களைப் போட்டு வைக்கும் இரண்டு டைரக்டரிகளை ஒப்பிட்டு, இதில் இருப்பது அதில் இருக்கிறதா என்று சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட். இருபது வரி. யாரும் எழுதலாம். நான் எழுதியதால் ஒருவருக்கு வேலை போனது.

ஸ்கேலும் பென்சிலும்

எங்களிடம் சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அதாவது பையர், அனுப்பும் ஃபைல்கள் முதலில் எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவுக்கு வரும். எந்தச் சட்டைக்கு மார்பு எத்தனை, கை எத்தனை, கழுத்து எத்தனை என்று சொல்லும் அளவுப் பட்டியல், பிரிண்ட் படம், லேபிள் எல்லாம் அதில் இருக்கும். அவர்கள் அதைக் கீழே சர்வரில் ஒரு டைரக்டரியில் போட்டு வைப்பார்கள். மாடியில் பேட்டர்ன் ரூம். அங்கே பேட்டர்ன் மாஸ்டர் ஆரோக்கியசாமி அண்ணனின் கம்ப்யூட்டரில் அதே ஃபைல்களின் நகல் இன்னொரு டைரக்டரியில் இருக்கும். அந்த அளவைப் பார்த்து அவர் பேட்டர்ன் போடுவார். அதை வைத்துத்தான் கட்டிங்கில் துணி வெட்டுவார்கள். ஒரு தடவை வைரஸ் வந்து மாடியில் இருந்ததெல்லாம் போனதிலிருந்து, கீழுக்கும் மேலுக்கும் நேராக எதையும் அனுப்பக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. என் மெஷினிலிருந்து இரண்டையும் எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஃபைல் போவது பென் டிரைவில், ஒருவர் கையில், படியேறி.

அதனால் வாரம் ஒரு சண்டை. "ஃபைல் குடுத்துட்டோம்" என்று கீழே சொல்வார்கள். "வரவே இல்லீங்க" என்று மேலே சொல்வார்கள். சண்டையைத் தீர்க்க இரண்டு டைரக்டரிகளின் பெயர்ப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து, மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலைக் கீழே கீழே நகர்த்திப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துச் சொச்சம் பெயர். நடுவில் யாராவது "மேடம், மவுஸ் வேலை செய்யலீங்க" என்று வந்தால் மறுபடி முதலிலிருந்து. அப்படி மூன்றாம் தடவையாக ஆரம்பித்தபோது பின்னால் வந்து நின்று பார்த்த முதலாளி சொன்னார்: "ஏனுங்க அம்மணி, கம்ப்யூட்டருக்குப் படிச்சுப்போட்டு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுட்டு இருக்கறீங்க? இதுக்கு நம்ம கேட்டுல உக்காந்திருக்கற வாட்ச்மேனே போதுமல்லங்க!"

எல்லாமே சிவப்பு

ரோஷம் வந்து ஒரே நாளில் ஸ்கிரிப்ட் எழுதினேன். இரண்டு பக்கமும் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் பெயர், தேதி, உள்ளே இருப்பது என்று மூன்றையும் ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு. முதல் ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மாடியிலிருந்து ஆரோக்கியசாமி அண்ணன் இறங்கி வந்து, "கண்ணு, என்ற மெசின் அப்படியே உறைஞ்சு போயிருச்சு, நீ எதாச்சும் தொட்டயா?" என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் பட்டியல் முழுக்கச் சிவப்பு. பென் டிரைவில் காப்பி அடிக்கும்போது பெரும்பாலான ஃபைல்களுக்குத் தேதி மாறியிருந்தது. கீழே பெரிய எழுத்தில் இருந்த பெயர் மேலே சின்ன எழுத்தில் இருந்தது. ஒரு ஆள் பெயருக்கு நடுவே ஒரு ஸ்பேஸ் விட்டிருந்தார், இன்னொருவர் இரண்டு.

மெர்ச்சண்டைசிங் மேனேஜர் பிரபு முதலாளியின் அக்கா மகன். லண்டனில் ஏதோ படித்துவிட்டு வந்தவர். காகிதத்தில் சிவப்பைக் கண்டாலே முகம் மாறும். அவரிடம் தேதியைப் பற்றி விளக்கினேன். நேரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் உள்ளே இருப்பதையும் பார்க்கலாம், பெயரை மட்டும் பார்ப்பது ஆபத்து என்றும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று கேட்டால், பிரிண்டரில் பேப்பர் வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "உள்ள என்ன இருக்குன்னு யாருங்க கேட்டாங்க? பேரு இருக்குதா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு, எனக்கு ஒரே பக்கத்துல பச்சையா ஒரு ரிப்போர்ட் குடுங்க."

ஒரே பேரு

கொடுத்தேன். பெயரை மட்டும் பார்க்கிற ஸ்கிரிப்ட் பத்து விநாடியில் முடிந்துவிடும். ஆனால் பெயர்களே ஒரு காடு. ஒரு சட்டைக்கு 'பைனல்' என்று ஒரு ஃபைல், 'நியூ பைனல்' என்று ஒன்று, 'பைனல் கரெக்ட்' என்று ஒன்று, 'இதுதான் பைனல்' என்று ஒன்று. நான்கில் எது பைனல் என்று கேட்டால், அனுப்பியவர் லீவில் இருப்பார். உங்கள் கம்பெனியிலும் இருக்கும், சிரிக்காதீர்கள்.

என் ரிப்போர்ட் சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக நானே ஒரு சுற்றறிக்கை அடித்து ஒட்டினேன். ஒரு சட்டைக்கு ஒரே ஃபைல், ஒரே பெயர். திருத்தம் வந்தால் அதே பெயரில் பழையதன் மேலேயே சேவ் செய்ய வேண்டும். காலையில் ரிப்போர்ட்டில் சிவப்பு வந்தால் மட்டும் அந்த ஃபைலைப் பென் டிரைவில் மாடிக்குக் கொண்டுபோனால் போதும், பச்சைக்கு அலைய வேண்டாம். கீழே பிரபு கையெழுத்துப் போட்டார். அந்த நான்கு வரியை இப்போது படித்தால் ஒரு குழந்தைக்குக்கூட ஓட்டை தெரியும். திருத்திய ஃபைலும் பழைய ஃபைலும் ஒரே பெயர் என்றால், பெயரை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் என்றைக்கும் பச்சைதான் காட்டும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மெர்ச்சண்டைசிங்கில் வேலை பார்க்கும் முத்துலட்சுமிதான் தினமும் பென் டிரைவோடு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள். நோட்டீஸைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "நல்லா இருப்பீய அக்கா, இந்தப் படியில ஏறி எறங்கி என் முட்டிக்காலே போச்சு!"

கழுத்து

மூன்று மாதம் எல்லாம் பச்சை. அதற்கப்புறம் அந்தக் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கானது. சாம்பிள் அனுப்பினோம். சாம்பிள் சரி, ஆனால் கழுத்து இறுக்கம், இரண்டு சென்டிமீட்டர் கூட்டிவிட்டு வெட்ட ஆரம்பிக்கலாம் என்று பையர் திருத்திய அளவுப் பட்டியலை அனுப்பினார்கள். மெயில் பிரபுவுக்கு வந்தது. அவர் முத்துலட்சுமிக்குத் தள்ளிவிட்டார். அவள் என் நோட்டீஸ்படி, அதே பெயரில், பழையதன் மேல் சேவ் செய்தாள். மறுநாள் காலை ரிப்போர்ட்டில் பச்சை. மாடிக்கு யாரும் போகவில்லை. ஆரோக்கியசாமி அண்ணன் தன்னிடம் இருந்த அளவுப்படி பேட்டர்ன் போட்டார். பன்னிரண்டாயிரம் பீஸ் வெட்டித் தைத்து அட்டைப்பெட்டிக்குப் போக மடித்து வைத்திருந்தார்கள். பையரின் இன்ஸ்பெக்ஷன் அம்மா ஒரு சட்டையை எடுத்து, கழுத்தை இரண்டு பக்கமும் இழுத்து, டேப் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பத்தாவது சட்டையில் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டார். குறைவாக வெட்டிய கழுத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் கழுத்துப் பட்டியைப் பிரித்து, வெட்டி, திரும்ப வைக்க வேண்டும், துணி தாங்காது. குழந்தையின் தலை நுழையாத பன்னிரண்டாயிரம் சட்டைகள்.

கான்ஃபரன்ஸ் ரூமில் முதலாளி, பிரபு, எச்.ஆர். மேடம், கட்டிங் சூப்பர்வைசர், கடைசியில் நான். ஆரோக்கியசாமி அண்ணன் மட்டும் உட்காரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கம்பெனியில் வெட்டின ஒவ்வொரு சட்டையும் அவர் போட்ட கோட்டில் வெட்டினது. "எனக்கு வந்த பைல்ல கழுத்து இப்படித்தானுங்க இருந்துது. நானா எதையும் மாத்துலீங்க" என்றார். பிரபு என் ரிப்போர்ட்டை மேஜை மேல் போட்டார். அன்றைய தேதி, அந்தச் சட்டையின் பெயர், பச்சை. "கீழ இருக்கறதும் மேல இருக்கறதும் ஒண்ணுதான்னு ரிப்போர்ட் சொல்லுது. அப்ப சரியான பைலைக் கையில வெச்சுக்கிட்டே தப்பாப் போட்டிருக்கறார்" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானுங்களா அம்மணி?"

பெயர்தான் ஒன்று, உள்ளே நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம். அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிரபுவின் விரல் அந்தப் பச்சை வரியின் மேல் இருந்தது. நான் எழுதிய ஸ்கிரிப்ட்டை நானே குறை சொல்வதா என்று ஒரு விநாடி, ஒரே விநாடி, தோன்றியது. "ஆமாங்க" என்றேன். ஆரோக்கியசாமி அண்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். அவர் தன் மேலேயே சந்தேகப்பட்டுவிட்டார். "நீ பாத்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் கண்ணு. எனக்குத்தான் கண்ணு போச்சாட்ட இருக்குது" என்றார்.

உள்ளே

மறுநாள் காலை அவர் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று கட்டிங் சூப்பர்வைசர் சொன்னார். பேட்டர்ன் ரூம் பூட்டிக் கிடந்தது. ஆள் இல்லாததால் அந்தக் கம்ப்யூட்டர் உறைந்தாலும் கேட்க யாரும் இல்லை. ஆரம்பத்தில் எழுதிய அந்தப் பழைய ஸ்கிரிப்ட்டை எடுத்து, தேதியை விட்டுவிட்டு, பெயர் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று மட்டும் பார்க்க வைத்தேன். இரண்டு வரிதான் மாற்றம். ஒன்றரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரே பெயரில் வேறு வேறு உள்ளடக்கம் உள்ள ஃபைல்கள் மொத்தம் அறுபத்து மூன்று. அந்தச் சட்டை முப்பத்து எட்டாவது. இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கீழே இருந்ததில் புதுக் கழுத்து. மேலே இருந்ததில் பழைய கழுத்து. அவர் கையில் இருந்த அளவை ஒரு நூல் பிசகாமல் போட்டிருந்தார்.

முத்துலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, தன்னை நான் மாட்டிவிடப் போகிறேன் என்று நினைத்தாள்போல. அழுகையோடு சொன்னாள்: "பச்சைன்னா மேல போவாண்டாம்னு நீங்கதானக்கா எழுதி ஒட்டுனீய, நானா போவாம இருந்தேன்?"

இரண்டு அறை

முதலில் பிரபுவின் அறைக்குப் போனேன். லேப்டாப்பைத் திருப்பி வைத்து இரண்டு பட்டியலையும் காட்டினேன். அவர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். புரியவில்லை என்று நடித்திருந்தால்கூட அவர் மேல் இவ்வளவு வெறுப்பு வந்திருக்காது. திருத்தம் வந்த மெயில் முதலில் அவருக்கு வந்தது, மாடிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும் என்பதும் அவருக்குத் தெரியும். எழுந்து கதவைச் சாத்தினார். "நேத்தே பையருக்கு மெயில் போயிருச்சுங்க மேடம். தப்புப் பண்ணுன ஆளை எடுத்துட்டோம்னு எழுதியாச்சு. இப்பத் தப்புப் பண்ணுனது அந்த ஆள் இல்லைன்னு இன்னொரு மெயில் போடச் சொல்றீங்களா?"

முதலாளி அப்படிக் கதவைச் சாத்துகிறவர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். ஆரோக்கியம் நல்ல மனுஷன்தான் என்று இரண்டு தடவை சொன்னார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு மெஷினோடு ஒரு ஷெட்டில் ஆரம்பித்தபோது முதல் பேட்டர்னை அட்டையில் வெட்டிக் கொடுத்தது அவர்தான் என்றும் சொன்னார். நான் நம்பிக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "இப்பச் சொல்றதை நேத்து நான் கேட்டப்பச் சொல்லியிருக்கோணுமல்லங்க அம்மணி?"

சேவூர்

ஆரோக்கியசாமி அண்ணனின் ஊர் சேவூர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போய்த் திரும்பும் நேரமாகப் பார்த்து வண்டியில் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவிநாசியைத் தாண்டியதும் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "வா கண்ணு, வெயில்ல வந்திருக்கற" என்று அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் மனைவி ரோஸ்லின் அக்கா மோர் கொண்டு வந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கிரிப்ட் பெயரை மட்டும்தான் பார்த்தது, உள்ளே பார்க்கவில்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் ஆமாம் என்றேன்.

"அப்ப என்ற கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றார் அவர் மெதுவாக. மூன்று நாளில் அவிநாசியில் கண் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்து வந்திருந்தார். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதையும் நம்பாமல் இருந்திருக்கிறார். அடுத்து அவர் கேட்டது எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. "மத்த அறுவத்தி ரெண்டு பைல்லயும் பழைய அளவுதான் இருக்குதா? அதுல வெட்டப்போறது எதுன்னு பாத்து நிறுத்தச் சொன்னயா?" வேலையை விட்டு அனுப்பிய கம்பெனியின் துணியைப் பற்றி அவர் கவலைப்பட்டார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து கட்டிங் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை வெட்ட இருந்த ஒரு லாட் துணியை நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

கதவோரம் நின்ற ரோஸ்லின் அக்கா, நான் செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்தார். இன்னொரு கம்பெனியில் வேலை கேட்டு அண்ணன் போயிருக்கிறார். எங்கள் கம்பெனி கொடுத்த சர்வீஸ் சர்டிபிகேட்டில் 'கவனக்குறைவு காரணமாக நீக்கப்பட்டார்' என்று போட்டிருந்ததாம். படித்துப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு ரோஸ்லின் அக்கா கேட்டார்: "ஏனுங்க, எங்கூட்டுல உக்காந்து எங்க ரெண்டு பேருகிட்டச் சொன்னதை, அன்னிக்கு அவரை நிக்க வெச்ச எடத்துல போய்ச் சொன்னா ஆவாதுங்களா?"

மினிட்ஸ்

திங்கட்கிழமை புரொடக்‌ஷன் மீட்டிங். அதே கான்ஃபரன்ஸ் ரூம், அன்றைக்கு இருந்தவர்களோடு தையல் லைன் சூப்பர்வைசர்கள் ஆறு பேர். எல்லோரும் அவரவர் பேச்சை முடித்த பிறகு எழுந்து நின்றேன். இரண்டு ஃபைலையும் திரையில் போட்டேன். ஆரோக்கியசாமி அண்ணன் மேல் தவறு இல்லை, அவருக்குப் புது ஃபைல் போகவே இல்லை, போகாததைப் போனதாக என் ஸ்கிரிப்ட் காட்டியது, கேட்டபோது நானும் தெரிந்தே தப்பாகச் சொன்னேன் என்றேன். லைன் சூப்பர்வைசர் ஒருவர் "அப்பவே நெனச்சனுங்க, அவரு நூலு பெசக மாட்டாரே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியசாமி அண்ணனைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நான் நினைத்தேன். இத்தனை வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தும் எனக்கு அந்த நினைப்பு வந்தது. பிரபு பேனாவை மூடினார். திருத்தம் வந்த மெயிலைப் பற்றியோ, நோட்டீஸில் இருக்கும் தன் கையெழுத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. மீட்டிங்கில் பேசியதைக் குறித்துக்கொண்டிருந்த எச்.ஆர். மேடம் பக்கம் திரும்பி ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அப்பத் தப்பு சிஸ்டம் டிபார்ட்மென்ட்டோடதுன்னு மினிட்ஸ்ல ஏத்திக்கோங்க. அடுத்த பாயிண்ட் என்னங்க?"

காகிதம்

அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டேன். மதியம் எச்.ஆர். மேடத்திடம் போய், தவறு சிஸ்டம் பிரிவுடையது என்று மினிட்ஸில் ஏறியபின் ஆரோக்கியசாமி சர்டிபிகேட்டில் 'கவனக்குறைவு' எப்படி இருக்கலாம் என்று கேட்டேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை, பயந்தவர். கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே, முழுத் தவறும் என்னுடையது என்று நான் கைப்பட எழுதிக் கொடுத்தால், அதைக் காட்டி அவருக்கு வேறு சர்டிபிகேட் அடித்துவிடலாம் என்றார். ஆனால் எனக்கு எச்சரிக்கை மெமோ வரும், அது பெர்சனல் ஃபைலில் இருக்கும் என்றும் சொன்னார். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். பிரபு பெயரை எழுதினால் இந்தக் காகிதம் இந்த அறையைத் தாண்டாது என்பது இருவருக்கும் தெரியும். அதனால் எழுதவில்லை. உண்மையில் பாதியை எழுதி, மீதிப் பாதியை விட்டுக்கொடுத்து வாங்கிய சர்டிபிகேட் அது. இதைப் படித்து என்னை யாராவது திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

புதன்கிழமை ஆரோக்கியசாமி அண்ணன் வந்தார். உள்ளே விடச் சொல்லி உத்தரவு இல்லாததால் கேட்டருகே நின்றார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டிபன் நேரம். அவர் போட்ட கோட்டில் வெட்டின துணியைத் தைக்கிற ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். சில பேர் வணக்கம் சொன்னார்கள், சில பேர் பார்க்காத மாதிரி போனார்கள். ஒடிசாக்காரத் தையல்காரர் ஒருவர் மட்டும் நின்று அவர் கையைப் பிடித்து, "மாஸ்டர் ஜி, கப் ஆவோகே?" என்று கேட்டார். எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார் என்று அண்ணனுக்குப் புரிந்தது. தோளில் தட்டி அனுப்பிவிட்டார். சர்டிபிகேட்டைப் பிரித்துக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார். பணிபுரிந்த வருஷம், பதவி, கீழே ஒரு வரி. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இதைக் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். நான்கு நாளில் சேர்ந்தும்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இருவத்தி ரெண்டு வருசத்துக்கு 'நடத்தை நன்று'ன்னு ரெண்டு வார்த்தை போட்டிருக்கறாங்க கண்ணு. அதையும் நீ எழுதிக் குடுத்துத்தான் வாங்கோணுமாட்ட இருக்குது."

மெமோ மறுநாளே என் மேஜைக்கு வந்தது, பெயரும் சரியாக இருந்தது, உள்ளே எழுதியிருந்ததும் சரியாக இருந்தது, எங்கள் கம்பெனியில் இந்த இரண்டும் ஒத்துப்போன ஒரே காகிதம் என்பதால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.